மறதி குற்றமாகுமா?

மனிதனிடம் காணப்படும் குறைகளுள் மறதியைப் போல எளிதில் பழிக்கப்படுவது வேறொன்றில்லை. ஒருவன் சினந்தால், ஏன் சினந்தான் என்று கேட்பவர் உண்டு. பொய்யுரைத்தவனிடமும் சில வேளைகளில் காரணம் கேட்கப்படுகிறது. மறந்தவனிடம் காரணம் கேட்கும் வழக்கம் அரிது. 'மறந்துவிட்டது' என்னும் சொல் வாயினின்று வந்த அளவிலேயே, அது குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாக ஏற்கப்படுகிறது. வீட்டுப்பாடத்தை மறந்த மாணவன் பொறுப்பற்றவன் ஆகிறான். கொடுத்த வாக்கை மறந்த நண்பன் அன்பற்றவன் ஆகிறான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்த பெண் கருத்தற்றவள் ஆகிறாள். கவனக்குறைவின் நிலையும் இதுவே. பாடம் நடக்கும்போது சன்னலுக்கு வெளியே நோக்கியிருக்கும் பிள்ளை, ஆசிரியரை மதியாத பிள்ளையாகவே கருதப்படுகிறது.

இத்தீர்ப்புகள் பல நேரங்களில் சரியாக இருத்தல் கூடும். ஆயினும் நோயுற்ற உடலிலும் துயருற்ற உள்ளத்திலும் நினைவும் கவனமும் தாமே தளர்ந்து போகின்றன என்பது எவரும் அறிந்த உண்மை. அவ்வாறு தளர்ந்த நிலையில் நேர்ந்த மறதிக்கு மனிதன் பொறுப்பாவானா? பொறுப்பாகான் எனின், கடமை என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன? பொறுப்பாவான் எனின், நோயையும் துயரையும் தண்டிப்பது அறமாகுமா? இவ்வினாக்கள் நீதிமன்றத்திற்கு மட்டும் உரியவை அல்ல. ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் எழுபவை.

வள்ளுவர் கடிந்த மறதி

தமிழ் கற்றோர் இவ்விடத்தில் திருக்குறளை நினைப்பது இயல்பு. மறதியைக் கடிவதற்கென்றே வள்ளுவர் 'பொச்சாவாமை' என்னும் 54ஆம் அதிகாரத்தை அமைத்தார். சோம்பலைக் கடியும் அதிகாரத்திலும், கெட்டொழிவார் விரும்பி ஏறும் மரக்கலம் போன்றவை நான்கெனக் கூறி, அவற்றுள் ஒன்றாக மறதியை வைத்தார். ஆகவே மறதி குற்றமே என்று முடிவு கட்டத் தோன்றும்.

ஆனால் அவ்வதிகாரத்தை ஊன்றிக் கற்பார்க்கு ஓர் உண்மை புலப்படும். வள்ளுவர் முதற்கண் எடுத்துக் கடிவது மிகுந்த மகிழ்ச்சியால் வரும் சோர்வையே. செல்வமும் வெற்றியும் தந்த களிப்பில் மூழ்கித் தன் காவலையும் கடமையையும் கைவிட்டிருப்பவனின் மறதி அது. அளவிறந்த சினத்தினும் அது தீயது என்பது அவர் துணிபு. துன்பத்தில் தோய்ந்தவனின் மறதியை அவர் அங்குப் பழிக்கவில்லை. அதற்கு மாறாக, அடுத்த குறளிலேயே ஓர் உவமை வைக்கிறார். மறதி புகழைக் கெடுப்பதற்கு அவர் காட்டும் உவமை, நாள்தோறும் தொடரும் வறுமை அறிவைக் கெடுப்பது. வறுமையால் அறிவு மழுங்கும் என்பதை எவரும் மறுக்க இயலாத நாட்டு வழக்காகக் கொண்டமையால்தான் அதனை உவமையாக்கினார். தெரிந்ததைக் கொண்டே தெரியாததை விளக்குவர் அன்றோ? துயரம் அறிவைத் தாக்கும் என்பது வள்ளுவர்க்குத் தெரிந்த செய்தி.

ஆகவே மறதி ஒன்றன்று, பல. களிப்பினால் வருவதும் கவலையினால் வருவதும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் பால் பொங்கி வழிகிறது. வீட்டுப்பாடம் எழுதப்படாமல் கிடக்கிறது. உள்ளே நிகழ்வது வேறு.

நினைவின் மூன்று படிகள்

உள்ளே நிகழ்வது யாது என்பதைச் சென்ற ஒன்றரை நூற்றாண்டாக உளநூலார் ஆராய்ந்து வருகின்றனர். செருமானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவற்றைத் தாமே மறந்து, அம்மறதியை அளந்து 1885இல் நூலாக்கினார். கற்றவுடன் மறதி விரைந்து நிகழ்வதும், நாட்கள் செல்லச் செல்ல அதன் வேகம் குறைவதும் அவர் கண்டவை. அவருக்குப் பின் வந்தோர் நினைவை மூன்று படிகளாகப் பகுத்தனர். செய்தியை உள்ளத்தில் பதித்தல் முதற்படி. பதிந்ததைக் காத்து வைத்திருத்தல் இரண்டாம் படி. வேண்டும்போது அதனை மீட்டெடுத்தல் மூன்றாம் படி.

இப்பகுப்பு வெறும் ஏட்டுச் செய்தி போலத் தோன்றினும், அறத்தீர்ப்புக்கு இன்றியமையாதது. கவனம் இன்றிப் பதிதல் இல்லை. துயரத்தில் ஆழ்ந்த மாணவன் ஆசிரியரின் குரலைக் கேட்கிறான். ஆனால் சொற்பொருள் அவன் உள்ளத்தில் பதியவே இல்லை. மறுநாள் அவனை நோக்கி, 'நேற்றுச் சொன்னதை மறந்துவிட்டாயே' என்று கடிவது உண்மைக்குப் புறம்பானது. பெறாத பொருளை ஒருவன் தொலைக்க இயலாது. உறக்கமின்மை இரண்டாம் படியைத் தாக்குகிறது. பகலில் கற்றது இரவின் உறக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. இரவெல்லாம் நோயுற்ற தாயின் அருகில் விழித்திருந்த பிள்ளைக்கு, பகலில் கற்றதும் நிலைப்பதில்லை.

மேலும், ஒரே நேரத்தில் உள்ளத்தில் வைத்துக் கையாளக்கூடியவை மிகச் சிலவே. 1956இல் அமெரிக்க உளநூலார் ஜார்ஜ் மில்லர் அதன் எல்லையை ஏறத்தாழ ஏழு கூறுகள் எனக் கணித்தார். பின் வந்தோர் அதனினும் குறைவு என்றனர். எண்ணிக்கை எதுவாயினும், அவ்விடம் சிறியது என்பதில் ஐயமில்லை. அச்சிறிய இடத்தில், 'தந்தை பிழைப்பாரா?' என்னும் ஒரே வினா வந்து அமர்ந்துகொண்டால், பெருக்கல் வாய்பாட்டுக்கு இடம் ஏது?

சகுந்தலை செய்த பிழை

காளிதாசர் இயற்றிய நாடகத்தில் இவ்வுண்மைக்கு அழியாத ஓவியம் ஒன்று உண்டு. மறைமலையடிகளின் மொழிபெயர்ப்பால் தமிழ் மாணவர் பலரும் அறிந்த நாடகம் அது. துசியந்தன் பிரிந்து சென்றபின், கண்வரின் தவச்சாலையில் சகுந்தலை தன்னை மறந்து அமர்ந்திருக்கிறாள். துருவாச முனிவர் வாயிலில் வந்து குரல் கொடுக்கிறார். அவள் செவியில் அது விழவில்லை. விருந்தினரை அவமதித்தாள் எனச் சினந்த முனிவர், எவனை எண்ணித் தன்னைக் காணாது இருந்தாளோ அவன் அவளை மறக்கட்டும் எனச் சபிக்கிறார். தோழி ஓடிச்சென்று இரந்ததன் பின்னரே, அடையாள அணியைக் கண்டால் நினைவு மீளும் என்று தணிகிறார். பாரதத்தில் வரும் பழைய கதையில் இச்சாபம் இல்லை. இது நாடகம் புதிதாகச் சேர்த்துக்கொண்ட நிகழ்ச்சி.

முனிவர் கண்டது யாது? வந்தவரை ஒரு பெண் திரும்பிப் பார்க்கவில்லை, இவ்வளவே. இதிலிருந்து அவள் தம்மை மதிக்கவில்லை என்று அவர் முடிவு செய்தார். காட்சியில் பிழையில்லை, முடிவில்தான் பிழை. சகுந்தலையிடம் கவனம் இல்லாமல் இல்லை. அவள் உள்ளம் முழுவதும் கவனமாகவே இருந்தது. ஆனால் அது தொலைவில் இருந்த ஒருவனிடம் சென்றுவிட்டது. அன்பின்மையால் வந்த கவனக்குறைவன்று அது. அன்பின் மிகுதியால் வந்தது. அதனை அன்பின்மை எனத் தண்டித்தார் முனிவர்.

துருவாசரின் இத்தவறு வகுப்பறைகளிலும் குடும்பங்களிலும் இன்றும் நிகழ்கிறது. 'உண்மையான அன்பிருந்தால் மறந்திருப்பாயா?' என்று கேட்கும் உறவினரும், 'என் பாடத்தில் மதிப்பிருந்தால் கவனித்திருக்க மாட்டாயா?' என்று கேட்கும் ஆசிரியரும் அவர் வழியினரே. இவ்வினாக்களின் அடியில் ஓர் எடுகோள் உண்டு: கவனம் முழுவதும் மனிதனின் விருப்பத்திற்கு அடங்கியது என்பதே அது. மகனை இழந்த தாய் இன்று உண்டாளா என்பதையே மறந்திருப்பாள். ஆனால் அவன் இறந்த நாளின் ஒவ்வொரு நாழிகையையும் மறக்க முயன்றும் மறக்க இயலாதவளாக இருப்பாள். விரும்பியதை நினைக்கவும் விரும்பாததை மறக்கவும் அவளால் இயலவில்லை. அவளுடைய நினைவாற்றல் அழியவில்லை, அது சிறைப்பட்டிருக்கிறது.

கரும்பு உழவரும் கவலையும்

வறுமை அறிவைக் கெடுக்கும் என்னும் பழைய உண்மையைப் புதிய முறையில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, தமிழ்நாட்டின் கரும்புத் தோட்டங்களிலேயே அமைந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் சாவோ ஆகிய நால்வரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர் பங்கு பெற்றனர். கரும்பு உழவர்க்கு வருவாய் ஆண்டில் ஒருமுறை, அறுவடைக்குப் பின்னரே பெருந்தொகையாகக் கிடைக்கிறது. அறுவடைக்கு முன்னர் அடகும் கடனுமாக நாட்கள் கழியும். பின்னர்க் கை சற்று நிறையும். ஆகவே ஒரே மனிதன் ஓராண்டிலேயே வறியவனாகவும் சற்று வளமுடையவனாகவும் இருப்பதைக் காண இயலும்.

அவ்வுழவர்க்குக் கவனத்தையும் பகுத்தறியும் திறனையும் அளக்கும் தேர்வுகள் இருமுறை வைக்கப்பட்டன. அறுவடைக்கு முன் அவர்கள் செய்த தவறுகள் மிகுதியாகவும், பின் செய்தவை குறைவாகவும் இருந்தன. இடையில் அவர்கள் கல்வி பெறவில்லை. அறிவு வளர்க்கும் மருந்தும் உண்ணவில்லை. கவலை ஒன்றே குறைந்தது. உணவும் உடல் உழைப்பும் காரணமாகலாமோ என்று ஆய்வாளர் ஆராய்ந்து, அவை மட்டும் இவ்வேறுபாட்டை விளக்கப் போதா என்றனர்.

இதன் பொருளை ஆசிரியர்கள் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். அறுவடைக்கு முன்னர் மட்டும் அவ்வுழவரைச் சந்தித்த ஒருவர், 'இவர் மந்தமானவர்' என்று எழுதி வைத்திருப்பார். அது அம்மனிதரைப் பற்றிய உண்மையாகாது. அம்மாதத்தைப் பற்றிய உண்மையாகவே இருக்கும். வீட்டு வாடகை நிலுவையில் இருக்க, பெற்றோர் நள்ளிரவில் வாதிட, அதனைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்து காலையில் பள்ளிக்கு வரும் பிள்ளையை 'மக்கு' என்று குறிப்பேட்டில் எழுதுவதும் அத்தகையதே. நிலையைக் கண்டு இயல்பென்று எழுதிவிடுகிறது கை.

அரிசியில் இருந்த நினைவு

துயரம் நினைவைச் சிறைப்படுத்துகிறது எனின், நோய் அதன் அடித்தளத்தையே பெயர்த்துவிடுகிறது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலுமே அது கிடைக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் 'பெரிபெரி' என்னும் நோய் எண்ணற்றோரை மாய்த்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே அந்நோய் மிகுந்திருப்பதையும், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அது அரிதாக இருப்பதையும் கண்டு 1907இல் நூலெழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் ஃபிளெட்சர் 1905, 1906ஆம் ஆண்டுகளில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் அளித்து இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்தினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அதன் பெயர் தயமின் என்பது பின்னரே தெரிய வந்தது. தமிழ்ப் பெண்கள் வழிவழியாகச் செய்துவந்த அடுப்படிப் பழக்கம் ஒன்று, தோட்டங்களில் உழைத்த ஒரு மக்கட்கூட்டத்தைக் காத்து நின்றது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. போர்க்கைதிகளான பல்லாயிரம் வீரர்க்குத் தீட்டிய அரிசியே முதன்மை உணவாயிற்று. சில வாரங்களில், கைதிகளுக்கான மருத்துவமனைக்கு விந்தையான நோயாளிகள் வரத் தொடங்கினர். கண்கள் நிலைகொள்ளாமல் துடித்தன, வாந்தி விடவில்லை, பலருக்கு அண்மைய நிகழ்ச்சிகள் நினைவில் நிற்கவில்லை, இடமும் காலமும் குழம்பின. தாமும் கைதிகளாக இருந்த மருத்துவர்கள் டி வார்டனர், லெனாக்ஸ் இருவரும் இத்தகைய 52 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 1947இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். மூளையைத் தாக்கிய பெரிபெரியே அது. சிறிதளவே கையிருப்பில் இருந்த தயமின் செலுத்தப்பெற்றவர்களுள் பலர் விரைவில் தெளிவடைந்தனர்.

அவ்வீரர்களின் மறதியை எவர் குற்றம் என்பார்? ஒழுங்கும் மனவுறுதியும் பயின்ற படைவீரர் அவர்கள். அவர்கள் இழந்தது ஒழுக்கத்தை அன்று. அரிசித் தவிட்டில் இருந்த ஒரு பொருளை. நினைவாற்றல் என்று பெருமையோடு பேசப்படும் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அத்துணைச் சிறு பொருளின் மீதும் நின்றுகொண்டிருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த குருதி, தைராய்டுச் சுரப்பியின் தளர்ச்சி, முதியோரின் உடலில் மறைந்திருக்கும் காய்ச்சல், 2020 முதல் உலகைச் சூழ்ந்த கோவிட் தொற்றின் பின்விளைவு ஆகிய ஒவ்வொன்றும் கவனத்தைக் கலைக்க வல்லது. 'மனம் வைத்தால் முடியும்' என்னும் அறிவுரை நல்லதே. எனினும் மனத்தை வைப்பதற்கு முதலில் உடல் இடம் கொடுக்க வேண்டும்.

அச்சம் கற்பிப்பது எதை?

கண்டிப்பே கவனத்தை வளர்க்கும் என்று நம்புவோர் உண்டு. கர்ணன் கதையை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். பரசுராமர் தன் மடியில் உறங்குகையில், வண்டு தொடையைத் துளைத்த வேதனையைக் கர்ணன் அசையாது பொறுத்தான். பெற்ற பரிசு, உற்ற வேளையில் கற்றது மறந்து போகும் என்னும் சாபம். மெய்யை மறைத்துக் கற்றான் என்பதே சினத்தின் காரணம். போர்க்களத்தில், தேர் புதைந்து உயிர் ஊசலாடிய வேளையில் அச்சாபம் பலித்ததாகக் கதை கூறுகிறது. தேர்வுக்கூடத்தில் கைநடுங்க அமர்ந்திருக்கும் மாணவன் இக்கதையை நன்கு உணர்வான். முந்தைய இரவு முழுமையாகத் தெரிந்த விடை, வினாத்தாளைக் கண்டதும் மறைந்துவிடுகிறது; மணியடித்து வெளியே வந்ததும் திரும்பி வருகிறது. மனவழுத்தம் மிகும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் கார்ட்டிசோல் என்னும் சுரப்பு நீரை மிகுதியாக வெளியிடுகின்றன. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி அந்நீரால் தாக்குறுகிறது. கற்றது அழியாமல் இருந்தும் மீட்டெடுக்க இயலாமற் போவது இதனால் நேர்கிறது.

அச்சத்திற்கு மற்றுமொரு பண்பு உண்டு. அச்சம் தந்த நிகழ்ச்சியை அது ஆழமாகப் பதிக்கிறது. அதனைச் சூழ்ந்திருந்த மற்றவற்றை நழுவ விடுகிறது. அடித்துக் கற்பிக்கப்பட்ட செய்யுளைப் பல்லாண்டு கழித்து ஒருவன் மறந்திருப்பான்; அடித்த கையையும் அப்போது வகுப்பு சிரித்த சிரிப்பையும் மறந்திருக்க மாட்டான். கற்பித்தவர் நினைவில் நிறுத்த விரும்பியது ஒன்று, நிலைத்தது மற்றொன்று. துயரால் கவனம் இழந்த பிள்ளையை இழித்துரைப்பது, அத்துயரின்மேல் மேலும் ஒரு துயரை ஏற்றுவதாகும். அதனால் கவனம் இன்னும் குறையும். அதற்காக மேலும் பழி வரும். இச்சுழலை மாணவனால் நிறுத்த இயலாது. ஆசிரியரால் இயலும்.

பொறுப்பு எங்கே போயிற்று?

இதுவரை கூறியவற்றைக் கேட்ட ஒருவர், 'அங்ஙனமாயின் எவரும் எதற்கும் பொறுப்பில்லை போலும்!' என்று வினவுதல் கூடும். இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. கவலையில் இருந்த ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் காணவில்லை எனின், அடிபட்டவரின் உயிர் திரும்பி வாராது. காரணம் மெய்யாயினும் இழப்பும் மெய்யே. மேலும், துயருற்றவனை எல்லாப் பொறுப்பினின்றும் விடுவித்துவிடுவது அவனை மதிப்பதாகவும் ஆகாது. 'உன்னால் எதுவும் இயலாது' என்று மென்மையாகச் சொல்லுவதே ஆகும்.

இதற்கு விடை, பொறுப்பு அழிந்துபோவதில்லை, இடம் மாறுகிறது என்பதே. மறந்த கணத்தில் மனிதன் தன்னை ஆள இயலாதவனாக இருக்கலாம். அதற்கு முன்னைய கணங்கள் அவன் கையில் இருந்தன. தன் நிலை தளர்ந்துள்ளது என்று தெரிந்தபின், நினைவை மட்டும் நம்பாதிருப்பது அவன் கடமை. குறித்து வைத்தல், பிறரிடம் சொல்லி வைத்தல், பிறர் உயிர் சார்ந்த வேலையைச் சிறிது காலம் மற்றவரிடம் ஒப்படைத்தல் ஆகியவை நினைவாற்றல் வேண்டாத, நேர்மை மட்டும் வேண்டும் செயல்கள்.

அமெரிக்காவில் 1935 அக்டோபர் 30இல், போயிங் நிறுவனத்தின் 299 என்னும் புதிய வானூர்தி, சோதனைப் பறப்பின்போது மேலெழுந்த சிறிது நேரத்திலேயே வீழ்ந்து நொறுங்கியது. ஓட்டியவர்கள் தேர்ந்த வல்லுநர்கள். நிலத்தில் நிற்கும்போது வானூர்தியின் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அசையாமல் காக்கும் பூட்டை விடுவிக்க மறந்ததே காரணம் எனத் தெரிந்தது. இன்னும் திறமையான ஓட்டுநரைத் தேடவேண்டும் என்று படையினர் முடிவு செய்யவில்லை. செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்த பின்னரே புறப்படும் முறையை வகுத்தனர். நலமுற்ற வல்லுநரின் நினைவுக்கே ஊன்றுகோல் வேண்டியிருக்கும்போது, நோயுற்றவர்க்கும் துயருற்றவர்க்கும் அது வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஊன்றுகோல் பற்றுவது இழிவன்று. பற்ற மறுத்து வீழ்ந்து, உடன் வந்தவரையும் வீழ்த்துவதே பிழை.

பொறுப்பின் மறு பாதி சூழ்ந்திருப்போரிடம் வந்து சேர்கிறது. நெஞ்சு நிறைந்ததால் வரும் மறதி, உடல் குன்றியதால் வரும் மறதி, மதியாமையால் வரும் மறதி ஆகிய மூன்றும் வெளியில் ஒரே முகத்தோடு நிற்கின்றன. எது எதுவென அறிய ஒரே வழி, கேட்பது. 'ஏன் மறந்தாய்?' என்று அதட்டும் கேள்வியை விட, 'வீட்டில் எல்லாரும் நலமா? இரவு உறங்கினாயா? காலையில் உண்டாயா?' என்னும் மூன்று கேள்விகள் மிகுதியாக விளக்கிவிடும். கேட்டபின் ஐயம் தீரவில்லை எனின் என் செய்வது? மதியாமையைத் துயரம் எனக் கருதிப் பொறுத்துவிட்டால் நேரும் தீங்கு உண்டு. சோம்பலுக்கு அது இடம் தரும். ஆயினும் அத்தவற்றை அடுத்த வாரம் திருத்திக்கொள்ள இயலும். துயரத்தை மதியாமை எனக் கருதித் தண்டித்துவிட்டால், அச்சொல்லையும் அடியையும் திரும்பப் பெற இயலாது. திருத்தக்கூடிய பிழையையே முதலில் மேற்கொள்வது அறிவுடைமை.

பொறுத்தல் என்பது பாடத்தைத் தள்ளுபடி செய்வதும் அன்று. நீண்ட பாடத்தைச் சிறு பகுதிகளாக்குவதும், சொன்னதை எழுதிக் கொடுப்பதும், கால எல்லையைச் சிறிது நீட்டுவதும், நினைவூட்டும் பொறுப்பை உடன் பயிலும் மாணவன் ஒருவனிடம் ஒப்படைப்பதும் பொறுத்தலின் வடிவங்களே. வேலை அங்கேயே இருக்கிறது. அதனை எட்டுவதற்கு ஒரு படிக்கட்டு கூடுதலாக வைக்கப்படுகிறது.

நினைவு நீங்கியபின் எஞ்சுவது

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னும் ஆழமான வினா ஒன்று உண்டு. நினைவே மனிதனா? ஆங்கில மெய்ப்பொருளறிஞர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில், தன்னுணர்வு எவ்வளவு தூரம் பின்னோக்கிச் சென்று பழைய செயல்களைத் தன்னுடையவை எனப் பற்றுகிறதோ, அவ்வளவு தூரமே ஒருவன் அதே ஆளாக இருக்கிறான் என்று வாதிட்டார். இதனை அப்படியே கொண்டால், தன் மகனை அடையாளம் காணாத முதிய தாய் இப்போது அவனுக்குத் தாயல்லள் என்றாகிவிடும்.

அமெரிக்கரான ஹென்றி மொலைசன் என்பவரின் வாழ்வு இதற்கு வேறொரு விடை தருகிறது. கடும் வலிப்பு நோயை நீக்க 1953இல், தம் 27ஆம் வயதில், அவர் மூளை அறுவை செய்துகொண்டார். ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் 2008இல் இறக்கும் வரையில் 55 ஆண்டுகள், புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரோடு பழகி ஆராய்ந்த பிரெண்டா மில்னரையும் அவர் ஒவ்வொரு முறையும் புதியவராகவே வரவேற்றார். எனினும், கண்ணாடியில் தெரியும் விண்மீன் வடிவத்தைப் பார்த்தவாறே வரையும் பயிற்சியில், முன்பு வரைந்தது நினைவில்லாதபோதும், நாளுக்கு நாள் அவர் கை தேர்ச்சி பெற்றது. அவருடைய பணிவும் நகைச்சுவையும் ஆராய்ச்சிக்கு உடன்பட்ட பெருந்தன்மையும் மாறவில்லை. நினைவு நீங்கியும் மனிதர் நீங்கவில்லை.

தமிழ் இல்லங்களில் இவ்வுண்மை வேறொரு வடிவில் வாழ்கிறது. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கும் பாட்டியைப் பேரன் 'பாட்டி' என்றே அழைக்கிறான். அவர் அவன் பெயரை மறந்துவிட்டார். அவன் அவருடைய உறவுப்பெயரை மறக்கவில்லை. ஒருவர் தம்மைத் தாமே தாங்கிக்கொள்ள இயலாத நாளில், உறவுச்சொல் அவரைத் தாங்கிக்கொள்கிறது. மனிதன் தன் நினைவில் மட்டும் வாழ்பவன் அல்லன். பிறர் நினைவிலும் வாழ்பவன்.

ஆகவே, 'மறதி குற்றமாகுமா?' என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுதல் இயலாது. செருக்கினால் வந்த மறதி குற்றமே. வள்ளுவர் தீர்ப்பு அங்கு நிலைபெறுகிறது. நோயாலும் துயராலும் வந்த மறதி குற்றமன்று. ஆனால் அது ஓர் அழைப்பு. மறந்தவரை நோக்கி, ஊன்றுகோலைப் பற்றிக்கொள் என்று அது அழைக்கிறது. அருகில் இருப்பவரை நோக்கி, இவர் மறந்ததைச் சிறிது காலம் நீ நினைவில் வைத்துக்கொள் என்று அழைக்கிறது. தளர்ந்தவரின் கவனக்குறைவைக் கவனிக்கத் தவறுவதும் ஒரு கவனக்குறைவே. நலமாக இருப்பவர்க்கு அதற்குச் சொல்லிக்கொள்ளத்தக்க காரணம் எதுவும் இல்லை.